திரும்பத் திரும்பப் பிசகும் கணுக்கால்: சீன மருத்துவ வழியில் ஒரு நிகழ்வு ஆய்வு

கணுக்கால் சுளுக்கு என்றால் "ரெண்டு வாரத்தில் சரியாகிவிடும்" என்று சொல்லி அனுப்பிவிடும் பழக்கம் எல்லா மருத்துவ முறைகளிலும் உண்டு. நிறையப் பேருக்கு அப்படியே சரியாகியும் விடுகிறது. ஆகாதவர்களும் குறைவில்லை. முதல் சுளுக்குக்குப் பிறகு 40 சதவீதம் பேர் வரை நீடித்த தொந்தரவுக்குப் போகலாம் என்பது இத்துறையில் அடிக்கடி சொல்லப்படும் கணக்கு. வலி, மீண்டும் மீண்டும் பிசகுவது, காலை நம்ப முடியாத பயம் என்று அது இழுத்துக்கொண்டே போகும். இந்த ஆய்வு அவர்களைப் பற்றியது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே வரும் நோயாளி ஒரே ஆள் இல்லை. இந்தத் தொந்தரவோடு வருபவர்களிடம் திரும்பத் திரும்பப் பார்க்கும் விஷயங்களை ஒருவராக்கி, கற்பிப்பதற்காக அமைத்த நிகழ்வு இது. அளவுகளும் அப்படி அமைத்தவைதான். மற்றபடி புள்ளிகள், முறைகள், நூல் மேற்கோள்கள், ஆராய்ச்சி முடிவுகள் எல்லாம் உள்ளவை உள்ளபடியே.

நோயாளியும் அவர் சொன்னதும்

வயது 36, பெண், உடற்கல்வி ஆசிரியை. மூன்று ஆண்டுகளுக்கு முன் கைப்பந்து ஆடும்போது குதித்து இறங்கிய வலது கால் இன்னொருவரின் பாதத்தின் மேல் விழுந்தது. பாதம் உள்பக்கமாக மடங்கிவிட்டது. அன்றிரவே வீக்கம், மறுநாள் நீலம் பாய்ந்தது. ஐஸ், கட்டு, பத்து நாள் ஓய்வு. வீக்கம் வடிந்ததும் வேலைக்குத் திரும்பிவிட்டார். அதன்பின் சில மாதங்களுக்கு ஒருமுறை அதே கால் பிசகுகிறது. இப்போதெல்லாம் அதற்கு விளையாட்டுகூட வேண்டாம். படி இறங்கும்போது, சின்னக் கல்லை மிதித்தால் போதும்.

வெளிக்கணுவுக்கு முன்னால் மந்தமான வலி. மழை நாளிலும் குளிர்ந்த தரையிலும் அதிகமாகும், வெந்நீர் ஊற்றினால் இதமாக இருக்கும். காலையில் எழுந்து வைக்கும் முதல் சில அடிகள் விறைப்பாக இருக்கும். அவர் சொன்னதில் முக்கியமானது வேறொன்று: "வலியைக்கூடத் தாங்கிடலாம். எப்போ காலை வாரிவிடும்னு தெரியாததுதான் கஷ்டம்."

எக்ஸ்ரேயும் எம்.ஆர்.ஐ.யும் கையோடு கொண்டுவந்திருந்தார். எலும்பு முறிவு இல்லை. கணுக்கால் மூட்டுக்குள் உள்ள டேலஸ் எலும்பின் குருத்தெலும்பு நன்றாக இருந்தது, வெளிக்கணுவை ஒட்டி இறங்கும் பெரோனியல் தசைநாண்களில் கிழிசல் இல்லை. கெண்டைக்காலின் வெளிப்பக்க எலும்பான ஃபிபுலாவையும் டேலஸையும் முன்பக்கத்தில் இணைக்கும் தசைநார் மட்டும் தடித்து, நெகிழ்ந்து ஆறியிருந்தது. பாதம் உள்பக்கமாக மடங்கும்போது முதலில் அடிபடுவது பெரும்பாலும் இதுதான். இந்தப் படங்கள் இல்லாமல் நாள்பட்ட கணுக்காலில் ஊசி போடத் தொடங்குவதை நான் ஏற்பதில்லை. மூட்டுக்குள் ஆழமான வலியும் பூட்டிக்கொள்வது போன்ற உணர்வும் இருந்தால் அது குருத்தெலும்புக் காயமாக இருக்கலாம். ஊசி வலியை அமர்த்திவிட, காயம் உள்ளே அப்படியே கிடக்கும்.

பரிசோதனை

வெளிக்கணுவுக்குக் கீழே சற்று முன்னால் விரல் நுனி பதியும் அளவுக்கு ஒரு பள்ளம் உண்டு. இடது காலில் அந்தப் பள்ளம் தெளிவாகத் தெரிந்தது. வலது காலில் அது தூர்ந்து மெத்தென்று இருந்தது. அழுத்தினால் குழைவாக உள்வாங்கி மெதுவாக மேலே வந்தது. தொட்டால் சுற்றியிருந்த தோலைவிடக் குளிர்ச்சி. அக்குபங்சரில் உயிர்ச்சக்தி ஓடுவதாகச் சொல்லப்படும் பாதைகளில் ஒன்றான பித்தப்பைப் பாதையின் 40-ஆவது புள்ளியான சியூசூ இருப்பது இதே இடத்தில்தான். இந்த ஒரு இடத்தைத் தடவிப் பார்த்தாலே பாதிச் செய்தி கிடைத்துவிடும்.

குதிகாலைப் பிடித்து முன்னால் இழுக்கும் சோதனையில் வலது கால் இடதைவிட அதிகமாக நகர்ந்தது. பெருவிரலைச் சுவரிலிருந்து தள்ளி வைத்து, குதிகால் தரையை விட்டு எழாமல் முழங்காலால் சுவரைத் தொடும் சோதனையில் இடது 11 செ.மீ., வலது 6 செ.மீ. இதில் ஒரு செ.மீ. என்பது மூட்டு அசைவில் ஏறக்குறைய 3.6 பாகை. அதாவது பாதத்தை மேல்நோக்கி மடக்கும் அசைவில் பெரிய குறை. ஒற்றைக் காலில் கண்மூடி நிற்கச் சொன்னபோது, வலது பாதத்தின் மேல் தசைநாண்கள் துடித்துத் துடித்து எழும்பின; நாலைந்து வினாடியில் மற்ற காலை ஊன்றிவிட்டார். கணுக்கால் நிலைத்தன்மைக்கான கம்பர்லேண்ட் கேள்விப் பட்டியலில் 30-க்கு 14. சர்வதேச வரையறைப்படி 24 அல்லது அதற்குக் கீழே இருந்தால் நிலையற்ற கணுக்கால்.

கெண்டைக்காலின் உள்பக்கம் இறுகிக் கிடந்தது, அழுத்தினால் வலித்தது. வெளிப்பக்கப் பெரோனியல் தசைகள் சோர்ந்து தொளதொளவென்று இருந்தன. இதைக் குறித்துக்கொள்ளுங்கள், கணிப்பில் வரும்.

நாக்கு வெளிர் நிறம், ஓரங்களில் ஊதாப் புள்ளிகள், மேலே வெள்ளைப் படிவு. நாக்கைத் தூக்கச் சொன்னால் அடியில் இரத்தக் குழாய்கள் புடைத்துத் தெரிந்தன. நாடி ஆழத்தில், தடைபட்டு ஓடுவது போல. சிறுநீரகத்துக்கான இடத்தில் வலுவில்லை.

கணிப்பு

சீன மருத்துவத்தில் புதுச் சுளுக்கு என்பது தசைநார்க் காயம். ச்சீ என்ற உயிர்ச்சக்தியின் ஓட்டம் தடைபட்டு, இரத்தம் தேங்கி நிற்கும் நிலை. வீக்கமும் நீலமும் குத்தும் வலியும் அதன் அடையாளங்கள். தேக்கம் முழுதாகக் கலையாமல் மாதக்கணக்கில் கிடந்தால் அந்த இடத்தில் குளிரும் ஈரமும் வந்து தங்கும் என்று இம்முறை பார்க்கிறது. மழை நாள் வலி, குளிர்ச்சியான தோல், மெத்தென்ற வீக்கம், வெந்நீரில் கிடைக்கும் சுகம் எல்லாம் இதோடு பொருந்துகின்றன. இன்னும் நாளாகும்போது, தசைநார்களை ஊட்டும் கல்லீரலும் எலும்பைத் தாங்கும் சிறுநீரகமும் இளைத்துப்போன நிலை சேர்ந்துகொள்ளும். இங்கே குறிக்கப்படுபவை சீன மருத்துவம் வகுத்த செயல்பாடுகள். ஸ்கேனில் தெரியும் உறுப்புகளோடு இவற்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

ஆக, இரத்தத் தேக்கமும் குளிர்-ஈரமும் முதன்மை. கல்லீரல்-சிறுநீரகக் குறை பின்னணி. பாடநூல் கணிப்பு இத்துடன் முடிந்துவிடும். ஆனால் இந்தக் காலைப் புரிந்துகொள்ள எனக்கு அதிகம் உதவியது வேறொரு வரி. 81 கேள்விகளாக அமைந்த நன்ஜிங் என்ற பழைய மருத்துவ நூலில் 29-ஆவது கேள்வி எட்டுச் சிறப்புப் பாதைகளின் நோய்களைப் பேசுகிறது. யின்-சியாவ் பாதை நோயுற்றால் வெளிப்பக்கம் தளரும், உள்பக்கம் இறுகும். யாங்-சியாவ் நோயுற்றால் இதற்கு நேர்மாறு என்கிறது அது. இந்த இரண்டு பாதைகளும் கணுவின் உள்ளேயும் வெளியேயும் ஏறுகின்றன. இவரது கெண்டைக்காலைத் தொட்டுப் பார்த்தவர்கள் யாரும் அந்த வரியைத் தாண்டிப் போக முடியாது. வெளியே தளர்வு, உள்ளே இறுக்கம், விளைவாக உள்பக்கமாகவே மடங்கும் பாதம்.

நவீன மருத்துவம் இதே இடத்துக்கு வேறு வழியில் வந்தது. 1965-இல் ஃப்ரீமன் என்ற பிரிட்டிஷ் எலும்பு மருத்துவர், தசைநார் அறுபடும்போது அதிலுள்ள உணர்வு நரம்பு முனைகளும் சேதமாகின்றன, கால் எந்த நிலையில் இருக்கிறது என்ற செய்தி சரியாகப் போய்ச் சேர்வதில்லை, அதனால்தான் கால் நிலையிழக்கிறது என்று வாதிட்டார். பின்னர் வந்தவர்கள் அந்த விளக்கத்தைத் திருத்தியும் விரித்தும் எழுதினார்கள். ஆனாலும் கீல் தளர்ந்த கதவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர்களை, அதை இழுத்துப் பிடிக்கும் தசைகளின் பக்கமும் திருப்பியது அவர்தான்.

சிகிச்சை

முதல் நான்கு வாரம் வாரத்துக்கு இரண்டு முறை, அடுத்த நான்கு வாரம் ஒருமுறை. ஒவ்வொரு அமர்வும் ஒரே வரிசையில் நடந்தது: தூரப் புள்ளியில் ஊசி, கணுக்காலில் ஊசியும் சூடும், துய்னா என்ற சீனக் கைச்சிகிச்சை, கடைசியில் காலில் நின்று செய்யும் வேலை. இந்த வரிசை முக்கியம். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

முதல் ஊசி நோயுள்ள காலுக்கு அல்ல, இடது மணிக்கட்டில் யாங்ச்சி புள்ளிக்கு. அது கையின் ஷாவ்யாங் பாதையில் இருக்கிறது. காலின் ஷாவ்யாங் பாதையான பித்தப்பைப் பாதையிலுள்ள சியூசூவுக்கு இணை. ஊசியைத் திருகிக் கனமான உணர்வு வந்தபின், வலது பாதத்தை மெல்லச் சுழற்றச் சொல்ல வேண்டும். பலருக்கு அந்த இடத்திலேயே அசைவு இலேசாகிறது. இது எவ்வளவு நேரம் நிற்கும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். எனக்கு இதன் பயன், அசைக்கப் பயந்துகொண்டிருந்த காலை அவரே அசைத்துப் பார்க்கிறார் என்பதுதான்.

அப்புறம் கணுக்கால். சியூசூவில் 0.25 மி.மீ. தடிமன் ஊசி, அரை சுன்னுக்குச் சற்று அதிக ஆழம் (ஒரு சுன் என்பது நோயாளியின் கட்டைவிரல் அகலம்). வெளிக்கணுவுக்குக் கீழே ஷென்மாய், கணுவுக்கும் குதிகால் தசைநாணுக்கும் நடுவே குன்லுன். உள்பக்கத்தில் சாவ்ஹாய், சிறுநீரகத்துக்காகத் தாய்ஷி. பக்கவாதத்துக்குப் பின் பாதம் உள்வளையும்போது சியூசூவிலிருந்து சாவ்ஹாய் நோக்கி ஒரே நீண்ட ஊசியைச் செலுத்தும் முறை உண்டு. இங்கே அதைத் தவிர்த்து இரண்டு தனி ஊசிகளே போட்டேன். தளர்ந்த மூட்டுப் பகுதியின் குறுக்கே ஆழமாகப் போக வேண்டிய அவசியம் இல்லை.

சியூசூ ஊசியின் பிடியில் மோக்சா (உலர்த்திய மாசிபத்திரி இலைப் பஞ்சு) துண்டைச் செருகிக் கொளுத்தும் சூட்டு ஊசி முறை, குளிர்-ஈரம் உள்ள காலுக்கு நன்றாக உதவும். ஊசியைச் சுற்றி ஒரு அட்டையைப் பிளந்து வைத்துவிட வேண்டும். சாம்பல் விழுந்தால் அந்த மெல்லிய தோல் உடனே கொப்பளிக்கும். மோக்சா எரியும்போது பக்கத்தை விட்டு நகரக் கூடாது.

அடுத்து யாங்லிங்சுவான். ஃபிபுலாவின் தலைக்குக் கீழே முன்பக்கப் பள்ளத்தில் இருக்கும் இந்தப் புள்ளியைத் தசைநார்களின் கூடுகைப் புள்ளி என்று மரபு சொல்கிறது. பெரோனியல் தசைகளுக்குப் போகும் நரம்பு ஃபிபுலாவின் கழுத்தைச் சுற்றி வருவதும் இந்த வட்டாரத்தில்தான். இங்கேயும், கீழே பெரோனியல் தசையில் அழுத்தினால் வலித்த ஆஷி புள்ளியிலும் ஊசி போட்டு 2 ஹெர்ட்ஸ் மின்தூண்டல் கொடுத்தேன். ஊசி சரியான இடத்தில் இருந்தால் பாதத்தின் வெளி ஓரம் தாளம் தப்பாமல் துள்ளும். தன் கால் வெளிப்பக்கமாகத் தூக்குவதை அவர் ஆச்சரியத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார். மறந்துபோன வேலையைத் தசை செய்வதை நோயாளி கண்ணால் பார்ப்பது பின்னால் பயிற்சிக்குக் கைகொடுக்கும்.

துய்னாவில், இறுகிய உள்கெண்டையில் உருட்டலும் பிசைதலும் முதலில். பிறகு ஒரு கையால் குதிகாலையும் மறுகையால் பாதத்தின் முன்பகுதியையும் பிடித்து, நீளவாக்கில் இழுத்தபடி சின்ன வட்டங்களாகச் சுழற்றி, பாதத்தை மேல்நோக்கி மடக்குவது. சுவர்ச் சோதனையில் காணாமல்போன சென்டிமீட்டர்கள் திரும்பியதில் இதற்குத்தான் பெரும் பங்கு. சிலர் பாதத்தை முதலில் உள்பக்கம் வேகமாக மடக்கி, பிறகு வெளிப்பக்கம் தள்ளி, "நரம்பை இடத்தில் உட்கார வைக்கிறேன்" என்பார்கள். ஏற்கெனவே நெகிழ்ந்த தசைநாருக்கு அது இன்னொரு சுளுக்கு. தயவுசெய்து வேண்டாம்.

வீட்டில் ஊறவைக்கும் கழுவல்: ஹாய்தோங்பி கஷாயம். சியான்லோங் பேரரசரின் ஆணையால் தொகுக்கப்பட்டு 1742-இல் முடிந்த யீசோங் ஜின்ஜியன் தொகுப்பின் எலும்பு வைத்தியப் பகுதியில் வரும் மருந்து. முருக்க மரப்பட்டை, குந்திரிகம், வெள்ளைப்போளம், குசும்பப் பூ, தாங்குவே, சீன மிளகு முதலானவை இதில் உண்டு. முதலில் ஆவி, கை பொறுக்கும் சூடானதும் 20 நிமிடம் முக்கி வைத்தல். தோல் வெடித்திருந்தால் கூடாது. புதிதாகப் பிசகி வீங்கிய முதல் இரண்டு மூன்று நாட்களிலும் கூடாது.

உள்மருந்து தரவில்லை. இந்தக் கணிப்புக்கு வழக்கமாக எழுதப்படுவது 7-ஆம் நூற்றாண்டில் சுன் சிமியாவ் தொகுத்த நூலிலுள்ள துஹுவோ ஜிஷெங் கஷாயம். அதில் சேரும் ஷிஷின், அரிஸ்டோலோக்கிக் அமிலம் காணப்படும் குடும்பத்தைச் சேர்ந்தது. 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் மெலிவதற்காகச் சீன மூலிகை மாத்திரை சாப்பிட்ட பெண்களின் சிறுநீரகங்களை அழித்தது இந்த வகை நஞ்சுதான். அங்கே ஒரு மூலிகைக்குப் பதில் இன்னொன்று மாறிப்போயிருந்தது. ஒரு கணுக்கால் வலிக்காக அந்த அபாயத்தில் சிறு துளிகூட எடுக்க எனக்கு மனமில்லை. வெளிப்பூச்சுத் தைலங்களில் வத்சநாபி வகை நச்சு வேர்கள் சேர்ந்திருக்கலாம், சீட்டைப் படிக்காமல் தடவக் கூடாது, புண்ணில் தடவவே கூடாது.

நிற்கும் வேலை

இனிதான் விஷயமே. ஊசியை எடுத்து, துய்னா முடித்து, கால் இளகி வலி குறைந்திருக்கும் அந்த நேரத்தில் நோயாளியை வீட்டுக்கு அனுப்பாதீர்கள். எழுந்து நிற்கச் சொல்லுங்கள். வலி இருக்கும்போது தசை ஒதுங்கிக்கொள்ளும். வலி அடங்கியிருக்கும் வேளையில் அதற்கு வேலை கொடுத்தால் பிடித்துக்கொள்ளும். அமர்வின் வரிசையை அப்படி அமைத்ததற்குக் காரணம் இதுதான்.

பயிற்சியை வெளியே தேடிப் போக வேண்டியதில்லை. தாய்ச்சியில் "தங்கச் சேவல் ஒற்றைக் காலில் நிற்பது" என்ற நிலை இருக்கிறது. முதலில் சுவரில் ஒரு விரல் தொட்டபடி, பிறகு விரலை எடுத்து, பிறகு தலையை இடம் வலம் திருப்பியபடி, பிறகு மடித்த போர்வையின் மேல், கண்மூடுவது கடைசியில். பாதுவான்ஜின் என்ற எட்டு அசைவுத் தொடரின் கடைசி அசைவு, குதிகாலைத் தூக்கி இறக்குவது. மரபில் குதிகாலைத் தொப்பென்று விடுவார்கள். இவருக்கு மெதுவாக, பெருவிரல் பக்கம் எடை சாயும்படி இறக்கச் சொன்னேன். வெளிப்பக்கத் தசைக்கு ரப்பர் பட்டை இழுத்தல் சேர்த்தோம். ஆறாவது வாரத்துக்குப் பிறகு சின்னத் தாவல்கள்.

நடந்தது

மூன்றாவது வாரத்தில் மழை நாள் வலி கணிசமாகக் குறைந்தது, வெளிக்கணுப் பள்ளம் மெல்லத் தெரிய ஆரம்பித்தது. சுவர்ச் சோதனை 8.5 செ.மீ. நான்காம் வாரத்தில் வலி போய்விட்டதென்று அவர் வீட்டுப் பயிற்சியை நிறுத்திவிட்டு மாணவிகளோடு ஆட்டத்தில் இறங்கினார். முதல் குதியிலேயே கால் வாரிவிட்டது. நல்லவேளையாக லேசான வீக்கத்தோடு போயிற்று. அன்று ஒற்றைக் காலில் நிற்கச் சொல்லிப் பார்த்தால், கண்மூடி நிற்பதில் முதல் நாளுக்கும் அன்றைக்கும் பெரிய வித்தியாசமே இல்லை. வலியும் அசைவும் மாறியிருந்தன, கால் நிற்கக் கற்றிருக்கவில்லை.

அதன்பின் அவர் பயிற்சியை விடவில்லை. 12-ஆவது வாரத்தில் சுவர்ச் சோதனை 9.5 செ.மீ., கண்மூடி 15 வினாடிக்கு மேல், கேள்விப் பட்டியலில் 23. வரையறைப்படி இன்னும் நிலையற்ற பக்கம்தான். ஆறாவது மாதம் 26. இடையில் ஒருமுறை படியில் தடுமாறினார். கால் மடங்கப் போய்த் தானே நிமிர்ந்துகொண்டது.

எதனால் எது?

நேர்மையாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். பல சிகிச்சைகளைச் சேர்த்துச் செய்த ஒரே நிகழ்விலிருந்து எது வேலை செய்தது என்று நிரூபிக்க முடியாது. வெளியே உள்ள சான்றுகள் கொஞ்சம் வழிகாட்டும். புதுச் சுளுக்குக்கு அக்குபங்சர் பற்றி 2014-இல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 20 ஆய்வுகளைப் பார்த்துவிட்டு, அவற்றின் தரம் மிகக் குறைவு, உறுதியாக எதையும் சொல்ல முடியாது என்று முடித்தது. பயிற்சியின் பக்கம் சான்று வலுவானது. நெதர்லாந்தில் சுளுக்குப் பட்ட 522 விளையாட்டு வீரர்களிடம் நடத்தி 2009-இல் வெளியான ஆய்வில், வழக்கமான சிகிச்சையோடு வீட்டிலேயே எட்டு வாரம் சமநிலைப் பயிற்சி செய்தவர்களில் 22 சதவீதம் பேருக்கு ஓராண்டுக்குள் மீண்டும் சுளுக்கு வந்தது. செய்யாதவர்களில் 33 சதவீதம்.

அதனால் அக்குபங்சர் படிப்பவர்களிடம் இதை அழுத்திச் சொல்கிறேன். ஊசி, மோக்சா, துய்னா மூன்றையும் வலிக்கும் விறைப்புக்கும் முழு மனதோடு பயன்படுத்துங்கள். நெகிழ்ந்த தசைநாரை அவை இறுக்கும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். வெளியே தளர்வு, உள்ளே இறுக்கம் என்று பழைய நூல் சொன்னதைச் சரிசெய்ய ஊசி தொடங்கி வைக்கும். தளர்ந்த பக்கத்துக்குத் தினமும் வேலை கொடுக்க வேண்டியது நோயாளி.

கவனிக்க வேண்டியவை சில. கர்ப்பிணிகளுக்குக் குன்லுன், உள்கணுவுக்கு மேலே உள்ள சான்யின்ஜியாவ் புள்ளிகளை மரபே விலக்குகிறது. ஊசிக்கு முன் கேட்டுவிட வேண்டும். வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுப்பவர்களுக்குத் தாங்குவேயும் குசும்பப் பூவும் சேர்ந்த மருந்துகள் ஒத்துவராது. சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்களுக்கு மோக்சாவும் சூடான கழுவலும் வேண்டாம். சுட்டது அவர்களுக்குத் தெரியாது.

இந்த நோயாளிக்குக் குதிகாலை இழுக்கும் சோதனையில் தளர்வு இன்னும் அப்படியேதான் இருக்கிறது. ஆட்டத்தின்போது கணுக்கால் பட்டை அணிகிறார், அணியத்தான் வேண்டும். மூன்று முதல் ஆறு மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்தும் கால் வாரிக்கொண்டே இருந்தால் எலும்பு அறுவை மருத்துவரிடம் அனுப்புவேன். 1960-களில் ப்ரோஸ்ட்ரோம் விவரித்த முறையில், நெகிழ்ந்த அதே தசைநாரை இறுக்கித் தைக்கும் அறுவை சிகிச்சை இன்றும் நடைமுறையில் இருக்கிறது.